அவர் அடிக்காத மணி

பள்ளி உதவி மாதர் குழுவின் மதிப்பிற்குரிய தலைவி அம்மையாருக்கும், அன்றும் இன்றும் உறுப்பினர்களாக விளங்கும் சகோதரிகளுக்கும், முன்னாள் செயலாளர் சௌந்தரவல்லி பணிவுடன் வணங்கி எழுதுவது. அஞ்சலையம்மாள் மறைந்து நாற்பது நாள்களுக்கு மேல் கடந்துவிட்டன. இந்த அஞ்சலி அவருடைய கருமாதிக்கு முன்பே உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். தாமதத்திற்கு என் முழங்கால் வலியையோ தபாலையோ காரணம் காட்ட இயலும்; காட்டப் போவதில்லை. எழுதக் கை எழவில்லை என்பதே உண்மை. பொறுத்தருள வேண்டுகிறேன்.

கணவர் ஓய்வு பெற்றபின் நாங்கள் குடிவந்த இத்தென்பாண்டி ஊருக்கு, ஒரு பிற்பகல் தபாலில் கருமாதிப் பத்திரிகை வந்தது. அத்தகைய பத்திரிகையைப் படித்தவுடன் கிழித்துவிட வேண்டும், வீட்டில் வைக்கலாகாது என்பது நம் வழக்கம். என் கணவர் படித்துவிட்டுக் கிழிக்கப் போனார். "கொடுங்கள்" என்று வாங்கிக்கொண்டேன். அதனோடு நம் பள்ளித் தலைமையாசிரியர் ஒரு துண்டுக் கடிதம் இணைத்திருந்தார். "நம் மணிக்காரம்மா போய்விட்டார். நான்கு நாள் காய்ச்சல்தான். பள்ளிக்கு அரை நாள் விடுமுறை விட்டோம். தாங்கள் அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுதியனுப்பினால் ஆண்டு விழாவில் வாசிப்போம். எழுத்து என்றால் தாங்கள்தாமே."

மணிக்காரம்மா. மந்தாரக்குப்பத்துப் பிள்ளைகள் அப்பெயரை அன்போடு சொல்லுவார்கள். நெய்வேலி நகரியக் குடியிருப்பில் நாம் அதை வேறு விதமாகச் சொன்னோம். சகோதரிகளே, அஞ்சலையம்மாள் எந்த மணியையும் அடித்ததில்லை. அன்று அந்த வீட்டு வரிசையில் மணியடித்தவள் நான். பழியை அவர்மேல் எழுதியவளும் நானே. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லலாம் என்று ஒத்திப்போட்டால், என் நடை என்னை வேறெங்கேனும் அழைத்துப் போய்விடும் என்பதை நான் அறிவேன்.

புதிதாகச் சேர்ந்தோர் பொருட்டுச் சில செய்திகள். எழுபதுகளில் நம் பள்ளி, மந்தாரக்குப்பத்தின் ஓரத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளரின் பிள்ளைகளுக்காக நடந்த ஒரு கீற்றுக் கொட்டகை. மழை வந்தால் வகுப்புகள் புத்தகப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கோயில் மண்டபத்துக்கு ஓடும். அதற்கு ஓட்டுக் கூரை போடுவதே நம் குழுவின் நோக்கம். குவார்ட்டர்ஸ் வீடுகளில் பழைய செய்தித்தாள்களைத் திரட்டிப் பண்ருட்டிக் கடைகளில் விற்று வந்தோம்; ஓடு நன்கொடை கேட்டு நான் கடிதங்களும் எழுதி வந்தேன்.

தலைவி அம்மையாரின் இல்லத்தில் நடந்த இரண்டாம் கூட்டத்தின் நடுவே அஞ்சலையம்மாள் வந்து நின்றார். தலையில் பெரிய தாள்கட்டு. அவரைப் பழைய பேப்பர் விற்பவர் என்று நாம் அனைவரும் எண்ணினோம். நான்தான் எழுந்து, "அம்மா, நாங்கள் விலை கொடுத்துப் பெறுவதில்லை. நன்கொடையாகவே ஏற்கிறோம்" என்றேன்.

"நான் இன்னா வெலையா கேட்டேன்?" என்றார் அவர். "எங்க வூட்ல யாரும் பேப்பர் படிக்கறதில்லீங்க. அக்கம் பக்கம் பத்து வூட்ல வாங்கிக்கினு வந்தேன். அந்தக் கொட்டாயில எந்தங்கச்சி புள்ளைங்க ரெண்டு படிக்குதுங்க. நானும் சேந்துக்கலாமா, இல்ல இதுக்கும் பரிச்ச கிரிச்ச எழுதணுமா?"

எல்லோரும் சிரித்தோம். அவர் குடும்பத்தின் நிலம் சுரங்கத்துக்குப் போயிருந்தது. கணவருக்கு அதனால் பர்மனெண்ட் வேலையும், அவர்களுக்கு நம் பிளாக்கிலேயே ஒரு வீடும் கிடைத்திருந்தன. விரிப்பில் இடமிருந்தும் அவர் தரையில்தான் அமர்ந்தார். மேலே வந்து உட்காரும்படி நாம் யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

நானும் அவருமாகப் பண்ருட்டிக்குச் சென்ற முதல் பயணத்தை மறக்க இயலாது. கடைக்காரரிடம் வாசித்துக் காட்டுவதற்கென்று நம் குழுவின் நோக்கங்களை ஒரு முழுத்தாளில் எழுதி எடுத்துச் சென்றிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கையில் கிடைத்ததையெல்லாம் படித்துப் படித்துத் தமிழைத் தானே ஈட்டிக்கொண்டவள் நான். அந்தத் தாளில் ஒரு பிழை இராது. நான் வாசித்து முடிக்கும்வரை பொறுத்திருந்த கடைக்காரர், "யாரும்மா இவங்க, எலெக்சனுக்கு நிக்கறாங்களா?" என்று அஞ்சலையம்மாளிடம் கேட்டார். பிறகு கட்டுகளைப் புரட்டிப் பார்த்து, "தாளு ரொம்ப பழசா இருக்குதே" என்று விலையைக் குறைக்கத் தொடங்கினார்.

"பழைய பேப்பரு பழசாத்தான் இருக்கும் மொதலாளி. புதுசு வேணும்னா காலையில அஞ்சு மணிக்கு எங்க பிளாக்குல வந்து வாசப்படியில குந்திக்குங்க."

கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்துவிட்டு நல்ல விலையே கொடுத்தார். பேருந்தில் திரும்பும்போது அஞ்சலையம்மாள் என் முழங்கையில் இடித்து, "நீங்க பேசினா ரேடியோவுல செய்தி கேக்கற மாதிரியே இருக்குது செகரட்டரிம்மா" என்றார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். பாராட்டாகவே சொன்னார் என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

வீடு வீடாகச் செல்லும்போது அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கதவைத் தட்டுமுன் வாசலைக் குனிந்து பார்ப்பார். என்ன பார்க்கிறாய் என்று ஒரு நாள் கேட்டேன்.

"பூட்ஸு பாக்கறேங்க. ஈரச்சேறு ஒட்டிக்கினு வெளிய கெடந்தா, ஆளு நைட் ஷிப்டு முடிச்சுட்டு வந்து தூங்கிகினு இருக்காருன்னு அர்த்தம். அந்த வூட்டத் தொடக்கூடாது. தூக்கம் கெட்டவனாண்ட நன்கொட கேட்டா அவன் குடுக்கறது நன்கொட இல்ல, திட்டு."

மழைக்காலத்தில் பூட்சை வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடுவார்கள். அப்போதும் அவர் தடுமாறியதில்லை. எந்த வரிசையில் எந்த வாரம் யாருக்கு எந்த ஷிப்ட் என்பது அவருக்கு மனப்பாடம். அவர் வரும் நாளறிந்து பல வீடுகளில் தாள்கட்டைத் தாழ்வாரத்திலேயே வைத்துவிட்டு உறங்கச் சென்றார்கள். கதவே திறக்காமல் எங்கள் தள்ளுவண்டி நிறைந்துவிடும். இன்று நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் வாசலில் கிடக்கும் காலணிகளைப் பார்க்கிறேன். அப்பழக்கம் எனக்கு அவர் தந்தது. மிகத் தாமதமாகப் பெற்றுக்கொண்டது.

அவ்வளவு சீராக நடந்துகொண்டிருந்த வேலையை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே கேட்டின் தொடக்கம். திங்களன்று பத்து மணிக்கு இன்ன வரிசை, செவ்வாயன்று இன்ன வரிசை என்று அட்டவணை ஒன்று வகுத்தேன். கதவைத் தட்டுவது கண்ணியக் குறைவு. ஆகவே "இன்னொலி மணியெழுப்பி இல்லத்தரசியரை அழைத்தல்" என்று ஒரு விதியும் சேர்த்தேன். பள்ளியிலிருந்து பழைய பித்தளைக் கைமணி ஒன்றை இரவல் பெற்றேன். தலைவி அம்மையார் அட்டவணையைக் கூட்டத்தில் புகழ்ந்தார்கள். சுரங்கத்தை நம்பி நாள் முழுதும் முறை வைத்து உறங்கும் ஓர் ஊரில், காலை பத்து மணிக்குத் தெருத்தெருவாக மணியடிக்க வேண்டும் என்று ஒரு குழுவே கூடித் தீர்மானித்தது. மறுத்தவர் ஒருவர்தான்.

"இந்த வாரம் அந்த வரிசையில முக்காவாசிப் பேரு நைட்டுங்க, செகரட்டரிம்மா. அடுத்த வாரம் போலாம்."

"அட்டவணையை ஒட்டியாயிற்று, அஞ்சலை. குழுவின் சொல் ஒன்றாக இருக்க வேண்டும்."

"சொல்லு ஒண்ணா இருக்கட்டும். மணி வேணாங்க. நான் வாசவாசலா நின்னு சத்தம் போடாம வாங்கியாறேன்."

நான் மணியை அவரிடம் நீட்டினேன். அவர் இரு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டார். "நான் அடிக்கமாட்டேங்க. அடிச்சுத்தான் ஆவணும்னா நீங்களே அடிச்சுக்குங்க."

அடித்தேன். மழை பெய்து ஓய்ந்திருந்த வாரம். எந்த வாசலிலும் பூட்ஸ் இல்லை. வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, சீராக, என் அட்டவணை உயிர்பெற்று நடக்கும் மகிழ்ச்சியோடு அடித்துக்கொண்டே போய் அடுத்த தெருவுக்குத் திரும்பினேன். பின்னால் அஞ்சலையம்மாள் வண்டியோடு வந்துகொண்டிருந்தார். அப்போது ஒரு கதவு படாரென்று திறந்தது.

"அறிவிருக்காடி ஒனக்கு? மனுசன் இப்பத்தான் கண்ணசந்தாரு! கோயில் மாடு மாதிரி மணியாட்டிக்கிட்டு வர்ற!"

"தப்புதாங்க. மன்னிச்சுக்குங்க" என்றது அஞ்சலையம்மாளின் குரல்.

தெருமுனைக்கு அப்பால், இருபதடி தூரத்தில் மணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அதன் நாவு அசையாதபடி விரலால் பற்றியிருந்தேன். திரும்பிப் போய், "அடித்தவள் நான்" என்று சொல்ல எனக்கு எத்தனை நொடி வேண்டியிருந்திருக்கும்? நான் அடுத்த தெருவுக்குள் நடந்தேன்.

அந்த வீட்டுக்காரர் சுரங்கத்தில் ராட்சத வெட்டு எந்திரத்தை இயக்குபவர். அன்று பகல் அவரால் மீண்டும் உறங்க முடியவில்லை. அன்றிரவுப் பணியில் எந்திரத்தின் ஏணியிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கி விழுந்தார். இடது தொடையெலும்பு முறிந்தது. மணியோசைதான் காரணம் என்று யாரும் நிறுவ முடியாது. இல்லை என்று சொல்ல என்னாலும் முடியாது. மூன்றாம் நாள் அவர் மனைவி, தலைவி அம்மையாரின் வாசலில் வந்து நின்று, "எங்க உங்க மணிக்காரி? அவளக் கூப்பிடுங்க!" என்று கதறியதை உங்களுள் பலர் கேட்டிருப்பீர்கள். அப்பெயர் பிறந்த இடம் அதுவே.

தலைவி அம்மையார் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். என் கணவர் சாதாரண எழுத்தர். நம் குழுவில் அதிகாரிகளின் துணைவியரே மிகுதி. பட்டம் பெற்றோர் மூவர் இருக்க, படிப்பில்லாத என்னிடம் செயலாளர் பொறுப்பு வந்ததற்கு என் எழுத்து ஒன்றே காரணம். அப்பொறுப்பு போனால் நான் மீண்டும் அடுப்படிக்குள் அகராதி படிப்பவளாகிவிடுவேன் என்று அஞ்சினேன். எழுதினேன்: "தொழிலாளர் துயிலும் நேரமென உணராது வாசல்தோறும் மணியோசை எழுப்பியமை, எழுத்தறிவு குறைந்த உறுப்பினர் திருமதி அஞ்சலை அவர்களின் கவனக்குறைவால் நேர்ந்ததேயன்றிப் பிறிதில்லை." பிறிதில்லை என்ற சொல்லைத் தேர்ந்தெடுக்க நெடுநேரம் சிந்தித்தேன் என்பதும் என் நினைவில் இருக்கிறது.

சம்பந்தப்பட்டவரின் கையொப்பம் வேண்டும் என்றார்கள். அஞ்சலையம்மாளுக்குத் தம் பெயரை மட்டும் எழுதத் தெரியும். அதைச் சொல்லிக்கொடுத்தவள் நான். தாளை அவர் வீட்டுக்கே எடுத்துச் சென்றேன். அவர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இதுல இன்னா எழுதியிருக்கீங்க?"

"நடந்ததைப் பொதுப்பட எழுதியிருக்கிறேன்."

"அப்ப சரி. எங்க போடணும்?"

நான்கு எழுத்துகளையும் மெல்ல மெல்லப் போட்டார். கடைசியில் தலையைச் சாய்த்துப் பார்த்து, "ஆனத் துதிக்கை வச்ச லை சரியா வந்துருக்குதாங்க?" என்று கேட்டார்.

"நன்றாக வந்திருக்கிறது" என்றேன்.

அடுத்த கூட்டத்தில் அவரைத் தாள் திரட்டும் பணியிலிருந்து விலக்கினோம். கை தூக்கியவர்களுள் நானும் ஒருத்தி. உங்கள்மீது எனக்கு வருத்தமில்லை. நீங்கள் என் எழுத்தை நம்பினீர்கள். அதன்பின் அந்த வரிசையில் அவருக்கு ஒரு கதவும் திறக்கவில்லை. அவர் கணவரைக்கூட வேலைத்தளத்தில் "மணிக்காரி வூட்டுக்காரன்" என்று கூப்பிட்டார்களாம்.

அவர் பள்ளியையும் விட்டுவிடுவார் என்று எதிர்பார்த்தேன். விரும்பினேன் என்பதே சரி. அவரோ மந்தாரக்குப்பத்துக் கடைகளில் தாளும் அட்டைப்பெட்டியும் தாமே திரட்டி, தாமே பண்ருட்டிக்குச் சுமந்து, கிடைத்ததைத் தலைமையாசிரியரிடம் கொடுத்து வந்தார். ஓட்டுக் கூரை விழாவன்று பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டு வெயிலில் நின்றார். நான் மேடையில் வரவேற்புரை நிகழ்த்தினேன். ஒலிபெருக்கி அமைத்தவருக்குக்கூட நன்றி கூறினேன்.

நாங்கள் ஊரைவிட்டு வந்த ஆண்டு, பண்ருட்டிப் பேருந்து நிலையத்தில் அவரைக் கடைசியாகச் சந்தித்தேன். மகளின் திருமணத்துக்குப் பாத்திரம் வாங்க வந்திருந்தார். ஓடிவந்து என் கைகளைப் பற்றிக்கொண்டார். உடல்நலம், மழை, பிள்ளைகள் என்று பேசினோம். பேச்சு ஓய்ந்த இடத்தில் அவரே தொடங்கினார்.

"அந்தக் கடுதாசிய மறுநாளே எம்பொண்ணு நோட்டீஸ் போர்டுல பாத்துட்டு வந்து சொல்லிட்டாங்க."

"ஏன் அன்றே மறுக்கவில்லை, அஞ்சலை?" என்று கேட்டேன். என்னிடமிருந்து வந்திருக்கத் தகாத கேள்வி அது.

"மறுத்தா உங்க பேரு போயிடும். உங்க பேரு போனா எவன் ஓடு குடுப்பான்? எங்கடுதாசிக்கா குடுப்பான்? கூர ஏறட்டும்னு உட்டுட்டேன். ஏறிச்சு. அதுக்கப்புறம் ரெண்டு வருசம் பாத்துக்கினே இருந்தேங்க, நீங்களா ஒரு நாளு வாயத் தொறப்பீங்கன்னு."

"அஞ்சலை, தக்க தருணம் வாய்க்கும்போது நானே அதனை..."

அவர் சிரித்துவிட்டார். "இன்னும் அதே ரேடியோதான். தோ, பஸ்ஸு வந்துட்டுது பாருங்க. எடம் போயிடப் போவுது." என் பையைப் பிடுங்கிச் சன்னல் வழியே இருக்கையில் போட்டு இடம் பிடித்துத் தந்தார். நான் ஏறி அமர்ந்தேன். அவர் சிரிப்பில் கசப்பு இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அதற்குப்பின் நான்கு ஆண்டுகள். ஓர் அஞ்சலட்டை போதும். திருமண வாழ்த்துக்கு நான்கு பக்கம் எழுதினேன். அந்த ஒரு வரியை எழுதவில்லை. தருணம் வாய்க்கவில்லை என்றிருந்தேன். அவர் காய்ச்சலில் கிடந்த நான்கு நாளும் நான் இங்கே ஒரு நூலக விழாவுக்கு வாழ்த்துரை தயாரித்துக்கொண்டிருந்தேன்.

அஞ்சலையம்மாளிடமிருந்து என்னிடம் எஞ்சியிருப்பது அந்த இரண்டு ஆண்டுக் காத்திருப்பு. என்னிடமிருந்து ஒரு சொல் வரும் என்று நம்பி, எதிரே வரும்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒருவர் நடமாடிய இரண்டு ஆண்டுகள். நான் எழுதிய எதையும் எவரும் அவ்வளவு காலம் எதிர்பார்த்ததில்லை. அதை நான் வைத்துக்கொள்கிறேன். கிழித்தெறிய எனக்கு உரிமையில்லை.

தலைமையாசிரியர் கேட்ட நாலு வார்த்தையாக இந்தக் கடிதத்தையே ஆண்டு விழாவில் முழுமையாக வாசிக்க வேண்டுகிறேன். குழுவின் குறிப்பேட்டில் உள்ள அந்த விளக்கத்தின்மேல், அது பொய் என்று என் கையாலேயே எழுதி ஒப்பமிட அனுமதி தாருங்கள். அஞ்சலையம்மாளின் மகளை நான் தனியே சென்று பார்த்துக்கொள்வேன். அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். ஆனால் அந்த எந்திர இயக்குநரின் வீடு வேறு. அவர் இப்போது பகல் வேலையில் இருக்கிறார், இன்றும் காலைச் சாய்த்தே நடக்கிறார் என்று அறிகிறேன். அவரிடமும் அவர் மனைவியிடமும் அடித்தது யார் என்பதை நேரில் சொல்ல வேண்டும். அந்தப் படியில் தனியே நின்றால் வேறு ஏதேனும் அழகாகப் பேசிவிட்டுத் திரும்பிவிடுவேன் என்று அஞ்சுகிறேன். நான் சொல்லி முடிக்கும்வரை என்னைத் திரும்பவிடாமல் அருகில் நிற்க உங்களுள் ஒருவர் வேண்டும்.

அடுத்த மாத முதல் ஞாயிறன்று காலை நெய்வேலிக்கு வருகிறேன். யார் வருகிறீர்கள் என்று உடனே எழுதுங்கள்.